தரையில் பட்ட அடி வானத்தில் வலிக்கும்

பிள்ளை விமானி ஆகப் போகிறான் என்று கேட்டதும் பெற்றவர்களுக்கு முதலில் பெருமை வரும். அடுத்த நொடியே பயம் வரும். அந்தப் பயம் பெரும்பாலும் வானத்தைப் பற்றியதாகவே இருக்கும். நடுவானில் இயந்திரம் நின்றுபோனால் என்ன ஆகும்? மழை மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பெற்ற மனம் இப்படித்தான் கேட்கும். அதில் தவறில்லை.

ஆனால் பயிற்சி விமானங்கள் எங்கே அடிபடுகின்றன என்று பார்த்தால் விடை வேறாக இருக்கிறது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும்போது இறக்கை வேலியில் உரசுகிறது. தரையிறங்கும்போது முன்சக்கரம் ஓடுபாதையில் மோதுகிறது. கொட்டகைக்குள் தள்ளும்போது வால் சுவரில் இடிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் முன்னால் ஒருவர் கவனமில்லாமல் நடந்துவிடுகிறார். எல்லாம் தரையில் நடப்பவை.

தரையில் என்ன பெரிய ஆபத்து வந்துவிடப் போகிறது என்று எண்ணிவிட முடியாது. விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட விபத்தே தரையில்தான் நடந்தது. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், பனிமூட்டம் சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். ஒரு விமானம் மேலெழும்ப ஓடிக்கொண்டிருந்தது. மற்றொன்று அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

பயிற்சிப் பள்ளியின் சிறு விமானங்களில் நடப்பவை இவ்வளவு பெரியவை அல்ல. பெரும்பாலானவற்றில் யாருக்கும் கீறல்கூட விழாது. அதனாலேயே அவற்றில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. யாருக்கும் அடிபடவில்லை என்றால் யாரிடமும் சொல்லத் தோன்றாது. சொல்லாமல் விட்ட அடி, அடுத்து அந்த விமானத்தை ஓட்டப்போகும் வேறொரு பிள்ளைக்காகக் காத்திருக்கிறது.

கார் போலத் தெரியும், கார் அல்ல

மலேசியாவில் மலாக்கா, லங்காவி, கோத்தா பாரு போன்ற இடங்களில் விமானப் பயிற்சிப் பள்ளிகள் இயங்கி வந்துள்ளன. சிங்கப்பூரில் சிலேத்தார் வட்டாரத்தில் இளையர்கள் சிறு விமானங்களில் பயின்று வருகிறார்கள். உலகெங்கும் பயிற்சிக்குப் பெயர் பெற்ற விமானம் செஸ்னா 172. 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இந்த ரகத்தில் இதுவரை 44,000க்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டுள்ளன. உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் இதுதான்.

இதன் உள்ளே ஏறி அமர்பவருக்குச் சிறிய கார் ஒன்றில் அமர்ந்தது போலவே இருக்கும். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் இரண்டு இருக்கை, கையில் ஒரு சக்கரம், காலுக்குக் கீழே மிதிகள். இந்த ஒற்றுமைதான் புதிய மாணவரை ஏமாற்றுகிறது.

முதலில் அதன் எடை. காலி விமானம் ஏறக்குறைய 750 கிலோதான். நம் சாலைகளில் ஓடும் பெரொடுவா மைவி காரைவிட இலேசானது. ஆனால் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 11 மீட்டர் நீளம். கார் ஓட்டிப் பழகியவர், தன் இருக்கையிலிருந்து கதவுக்கு உள்ள தூரத்தை மட்டுமே மனத்தில் வைத்து ஓட்டுவார். விமானத்தில் தன் தோளுக்கு அப்பால் ஐந்து மீட்டருக்கு மேல் ஓர் இறக்கை நீண்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு நொடியும் நினைவில் வைக்க வேண்டும். விளக்குக் கம்பம், எண்ணெய் லோரி, பக்கத்தில் நிற்கும் மற்றொரு விமானத்தின் இறக்கை என்று எதிலும் அது இடிக்கலாம்.

அடுத்தது திருப்பும் முறை. தரையில் விமானத்தைக் கைச்சக்கரம் திருப்பாது. கால்தான் திருப்பும். வலது மிதியை அழுத்தினால் வலப்பக்கம், இடது மிதியை அழுத்தினால் இடப்பக்கம். மிதிகளின் மேல்பகுதியைப் பாதத்தின் நுனியால் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். இடது சக்கரத்துக்குத் தனி, வலது சக்கரத்துக்குத் தனி. கார் ஓட்டும் பழக்கம் உள்ளவர் விமானம் விலகிப் போகும்போது தன்னை அறியாமல் கைச்சக்கரத்தைத் திருப்புவார். விமானம் கேட்காது. அந்தப் பதற்றத்தில் ஒரு காலை மட்டும் அழுத்திவிட்டால் விமானம் வெட்டித் திரும்பிப் புல்வெளிக்குள் இறங்கிவிடும்.

இதனால்தான் பயிற்றுநர்கள் முதல் பாடத்திலேயே ஒன்றைச் சொல்கிறார்கள்: நிறுத்துமிடத்தில் விமானம் ஒரு மனிதன் விரைந்து நடக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அவசரம் என்றாலும் அதே வேகம்தான். நேரம் போதவில்லை என்றால் ஒரு சுற்றுப் பறப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

காற்று நிற்பதில்லை

ஓடாமல் நிற்கும் விமானத்துக்கும் காற்று ஒரு பகையாகலாம். இறக்கை என்பது காற்றைப் பிடித்து மேலே தூக்குவதற்காகச் செய்யப்பட்டது. இயந்திரம் ஓடுகிறதா, ஆள் இருக்கிறாரா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. செஸ்னா 172 மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்திலேயே பறக்கக்கூடிய விமானம்.

இதை நம் வானிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையிலும் காலையிலும் வந்து தாக்கும் சுமத்ரா காற்று மேற்குக் கரைவாசிகளுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் நன்கு தெரிந்ததே. அதில் காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எகிறும். கயிறு கட்டாமல் விட்ட சிறு விமானத்தை அப்படிப்பட்ட காற்று தள்ளிக்கொண்டு போகலாம். பக்கத்து விமானத்தின்மேல் சாய்க்கலாம். இரண்டு இறக்கைகளிலும் வாலிலும் கயிறு கட்டுவது, சக்கரத்துக்குத் தடைக்கட்டை வைப்பது ஆகிய இரண்டும் பறந்து முடித்த களைப்பில் மாணவர்கள் தட்டிக்கழிக்க விரும்பும் வேலைகள். பாடத்தின் கடைசிப் பக்கம் அவைதான்.

ஊர்ந்து செல்லும்போதும் காற்றுக்கேற்பக் கைச்சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். காற்று முன்பக்கமிருந்து சாய்வாக வந்தால் அது வரும் பக்கத்துக்கே கைச்சக்கரத்தைத் திருப்பி வைப்பார்கள். பின்பக்கமிருந்து சாய்வாக வந்தால் எதிர்ப்பக்கம் திருப்பி முன்னால் தள்ளி வைப்பார்கள். கைச்சக்கரம் தரையில் விமானத்தைத் திருப்பாது என்றாலும், காற்று இறக்கையைத் தூக்காமல் தடுக்க உதவும்.

இயற்கைக் காற்று ஒருபுறம் இருக்க, மனிதன் உண்டாக்கும் காற்றும் உண்டு. பெரிய விமானம் நின்ற இடத்திலிருந்து புறப்பட இயந்திரத்தை முடுக்கும்போது அதன் பின்னால் சிறு விமானம் நிற்கக் கூடாது. தரைக்கு அருகே மிதக்கும் ஹெலிகாப்டரிலிருந்து அதன் சுழல் இறக்கை வட்டத்தின் அகலத்தைப் போல மூன்று மடங்கு தூரமாவது விலகி நிற்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை.

மூன்றாவது குதிப்பு

தரையிறங்கும்போது நடக்கும் அடிதான் பயிற்சியில் மிகச் சாதாரணமானது. முறை இதுதான்: பின்னால் உள்ள இரண்டு பெரிய சக்கரங்கள் முதலில் தொட வேண்டும், முன்சக்கரம் கடைசியில் மெல்ல இறங்க வேண்டும். புதிய மாணவர் சற்று வேகமாக வருகிறார். விமானம் இறங்க மறுக்கிறது. அவர் மூக்கைக் கீழே அழுத்துகிறார். முன்சக்கரம் முதலில் மோதுகிறது. விமானம் பந்து போல எழும்புகிறது. பயந்துபோய் மறுபடியும் அழுத்துகிறார். மறுபடியும் மோதல், மறுபடியும் குதிப்பு. ஒவ்வொரு குதிப்பும் முன்னதைவிடக் கடுமையாகிறது. இரண்டாவது, மூன்றாவது குதிப்பில் முன்சக்கரத்தின் கால் மடங்குகிறது. முன்னால் சுற்றும் புரொப்பெல்லர் தரையை அடிக்கிறது.

செஸ்னா 172 ரகத்தில் புரொப்பெல்லரின் நுனிக்கும் தரைக்கும் இடையே இருப்பது ஓர் அடிக்கும் சற்றுக் குறைவான இடைவெளிதான். முன்சக்கரத்தின் கால் மடங்கினால் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

இதற்கு மருந்து சுலபமானது. ஆனால் மாணவருக்கு அது தோல்வி போலத் தெரியும். முதல் குதிப்பிலேயே இயந்திரத்தை முழுவதும் முடுக்கி, மீண்டும் மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்து புதிதாக இறங்க வேண்டும். அப்படி மேலே போவது நல்ல விமானியின் அடையாளம். இந்தப் பாடத்தை மனத்தில் ஏற்றிக்கொண்ட மாணவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு 180 பயணிகளோடு வரும்போதும் அதைச் செய்யத் தயங்க மாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத கத்தி

தரை விபத்துகளில் உடனே உயிரைப் பறிப்பது புரொப்பெல்லர்தான். நின்றிருக்கும்போது எல்லாருக்கும் தெரியும் அந்த இரண்டு உலோகத் தகடுகள், சுற்றத் தொடங்கியதும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. எதிரே வெறும் காற்று மட்டும் இருப்பது போலத் தோன்றும். அதனால்தான் அதன் நுனிகளில் பளிச்சென்ற வண்ணம் பூசி, சுற்றும்போது ஒரு வளையமாவது தெரியும்படி செய்கிறார்கள்.

அதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏறக்குறைய 1.93 மீட்டர் குறுக்களவுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,700 முறை சுற்றும்போது அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 980 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வெட்டுகிறது. சும்மா நின்றபடி நிமிடத்துக்கு 700 முறை மெதுவாகச் சுற்றும்போதும் நுனியின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர்.

2011ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சிறு விமானம் ஒன்றில் உலா சென்று திரும்பிய இளம்பெண் ஒருவர், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி நடந்து புரொப்பெல்லரில் சிக்கினார். உயிர் பிழைத்தார், ஆனால் ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழந்தார். அது பயிற்சிப் பறப்பு அல்ல. ஆனால் அதே சூழல் பயிற்சியில் அடிக்கடி வருகிறது. மாணவர் முதன்முதலாகத் தனியாகப் பறக்கும் நாளில், இயந்திரத்தை நிறுத்தாமலே பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இறங்குபவர் கவனமில்லாமல் முன்பக்கம் திரும்பிவிடக்கூடும். முன்பக்கம் இருப்பதோ புரொப்பெல்லர். இரண்டு நிமிடம் போனாலும் பரவாயில்லை என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்குவதே பாதுகாப்பு.

இன்னொன்றும் மாணவர்கள் அறிய வேண்டியது. இயந்திரம் நிறுத்தப்பட்டு, சாவியும் கையில் இருக்கிறது. ஆகவே புரொப்பெல்லரைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது தவறு. சிறு விமான இயந்திரத்துக்குத் தீப்பொறி தருவது மெக்னெட்டோ என்னும் கருவி. அதற்கு மின்கலம் தேவையில்லை. இயந்திரம் சுழன்றாலே அது தானாகப் பொறி உண்டாக்கும். சாவியைத் திருப்பி அணைக்கும்போது ஒரு கம்பி அதன் மின்சாரத்தைத் தரையிறக்கிப் பொறியை அடக்குகிறது. அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி அணைந்திருந்தும் மெக்னெட்டோ உயிரோடு இருக்கும். சிலிண்டரில் சிறிது எண்ணெய் மிஞ்சியிருக்கும்போது புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் இயந்திரம் ஓர் உதை உதைக்கலாம். ஆகவே எந்தப் புரொப்பெல்லரையும் ஓடப்போகும் புரொப்பெல்லராகவே கருத வேண்டும். விமானத்தைத் தள்ளுவதற்கு இழுவைக் கம்பி இருக்கிறது. வேலை முடிந்ததும் அந்தக் கம்பியைக் கழற்றி எடுத்துவிட்டோமா என்று பார்ப்பதும் முக்கியம். மாட்டியபடியே விட்ட இழுவைக் கம்பியில் புரொப்பெல்லர் அடித்த கதைகள் விமானக் கொட்டகைகளில் ஏராளம்.

ஒரு பூட்டு எழுதிய பாடம்

தரையில் செய்யும் ஒரு சிறு காரியம் விமான உலகத்தையே மாற்றிய வரலாறு ஒன்று உண்டு. 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இயந்திர விமானமான மாடல் 299 பரிசோதனைக்காக மேலெழும்பியது. செங்குத்தாக ஏறிய அது வேகம் இழந்து விழுந்து தீப்பற்றியது. ஓட்டிய இராணுவ விமானி மேஜர் ப்ளோயர் ஹில்லும், போயிங் நிறுவனத்தின் பரிசோதனை விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தனர்.

காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமலிருக்கப் போடும் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அனுபவசாலிகளே மறந்தார்கள் என்பதுதான் முக்கியம். இவ்வளவு வேலைகளை ஒரு மனிதன் மனப்பாடமாக நினைவில் வைக்க முடியாது என்று உணர்ந்த இராணுவ விமானிகள், செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். இன்று ஒவ்வொரு விமானி அறையிலும் இருக்கும் சரிபார்ப்புப் பட்டியல் பரவியது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் அந்தப் பூட்டு மீண்டும் யாரையும் கொல்லவில்லையா? கொன்றது. 79 ஆண்டுகள் கழித்து, 2014ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி, அமெரிக்காவின் பெட்ஃபோர்டு நகரில் கல்ஃப்ஸ்ட்ரீம் ரகத் தனியார் ஜெட் விமானம் ஒன்று மேலெழ முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி ஓடி எரிந்தது. ஏழு பேரும் மாண்டனர். பூட்டு விடுவிக்கப்படவில்லை. விசாரணையில் தெரியவந்த செய்திதான் அதிர்ச்சியானது. அந்த விமானத்தின் முந்தைய 175 புறப்பாடுகளில் 98 விழுக்காட்டில், கட்டுப்பாடுகள் தடையின்றி அசைகின்றனவா என்ற சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை. பட்டியல் இருந்தது, அதைப் படித்துச் செய்யும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் பயிற்சிப் பள்ளியின் முதல் மாதத்தில் வேர் விட வேண்டியது.

செஸ்னா 172இல் இந்தப் பூட்டு கைச்சக்கரத்தின் தண்டில் செருகும் ஒரு கம்பி. அதோடு சேர்ந்த தகடு சாவித் துளையை மறைத்துக்கொள்ளும். பூட்டை எடுக்காமல் இயந்திரத்தை எழுப்ப முடியாதபடி யோசித்துச் செய்திருக்கிறார்கள். மனிதன் மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டவர்கள் செய்த ஏற்பாடு இது.

உள்ளே விழுந்த காயம்

இனி, மறைக்கப்படும் அடிக்கு வருவோம். ஒரு மாணவர் தனியாகப் பறந்து திரும்புகிறார். இறங்கும்போது முன்சக்கரம் சற்றுக் கடுமையாக மோதியது. அல்லது டாக்சி பாதையைவிட்டு விலகிப் புல்லுக்குள் போனபோது புரொப்பெல்லர் உயர்ந்த புல்லை வெட்டியது. இயந்திரத்தின் சுற்று ஒரு கணம் இறங்கியது. நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்க்கிறார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. தகட்டில் நகக்கண் அளவு ஒரு கீறல். “இதைப் போய்ச் சொல்வானேன்?” என்று மனம் கேட்கிறது.

அந்த மாணவருக்குத் தெரியாதது இயந்திரத்தின் உள்ளே இருக்கிறது. புரொப்பெல்லர் இயந்திரத்தின் கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் தண்டோடு நேராகப் பிணைக்கப்பட்டுள்ளது. முன்னால் தகடு எதிலாவது மோதித் தடுமாறினால் அந்த அதிர்ச்சி தண்டு வழியாகப் பின்கோடி வரை பாயும். பல பயிற்சி விமானங்களில் உள்ள லைகோமிங் இயந்திரத்தில், அந்தப் பின்கோடியில் ஒரு பல்சக்கரம் ஒரே போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டையும் மெக்னெட்டோக்களையும் ஓட்டுவது அந்தச் சக்கரம்தான். அதிர்ச்சியில் அந்தப் போல்ட் தளர்ந்தால் அன்றைக்கே ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். இன்னொரு நாள், இன்னொரு மாணவரின் கையில், இயந்திரம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரேயடியாக நின்றுபோகலாம்.

இதற்காகவே 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், அத்தகைய லைகோமிங் இயந்திரங்களுக்குக் கட்டாய உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. புரொப்பெல்லர் அடி வாங்கினால் அந்தப் பல்சக்கரத்தையும் போல்ட்டையும் திறந்து சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதை அடி என்று சொல்வது என்பதையும் அது விளக்கியிருக்கிறது. இயந்திரம் ஓடாமல் நிற்கும்போது எதுவோ மோதிப் புரொப்பெல்லரைப் பழுதுபார்க்க வேண்டி வந்தாலும் அடிதான். உயர்ந்த புல்லிலோ தண்ணீரிலோ பட்டுச் சுற்று திடீரென்று இறங்கினால், தகட்டில் சேதம் இல்லாவிட்டாலும், அதுவும் அடிதான்.

முன்சக்கர மோதலும் இப்படித்தான். செஸ்னா ரகங்களில் அந்த அதிர்ச்சி, இயந்திரத்துக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புத் தகட்டில் போய்ச் சேர்ந்து அதை நெளித்துவிடக்கூடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. மூடியைத் திறந்து பார்க்கும் பொறியாளருக்குத்தான் தெரியும். அவர் திறந்து பார்க்க வேண்டுமானால் யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

ஏன் மறைக்கிறார்கள்?

மறைக்கும் மாணவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் நிலையையும் பார்க்க வேண்டும். விமானி உரிமம் பெற நம் நாட்டில் லட்சக்கணக்கான ரிங்கிட் செலவாகிறது. வீட்டை அடகு வைத்துப் படிக்க அனுப்பிய தந்தை இருக்கிறார். கடன் வாங்கிய குடும்பம் இருக்கிறது. உறவினர் வீட்டுத் திருமணத்தில் “எங்கள் பையன் பைலட்” என்று சொல்லிவிட்ட தாய் இருக்கிறார். இத்தனை சுமையோடு விமானத்தில் ஏறும் இருபது வயதுப் பிள்ளைக்கு, தரையில் பட்ட ஒரு சிறு அடி தன் எதிர்காலமே உடைந்தது போலத் தெரியும். பழுதுக்கான செலவை யார் கட்டுவது? பயிற்சி நின்றுவிடுமா? நண்பர்கள் சிரிப்பார்களா? இந்தக் கேள்விகள்தான் வாயை அடைக்கின்றன.

விமான உலகம் இந்தப் பாடத்தையும் உயிரைக் கொடுத்துத்தான் கற்றது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, வாஷிங்டனை நோக்கி வந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தனர். எவ்வளவு உயரத்துக்கு இறங்கலாம் என்ற குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம். ஆறு வாரங்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே குழப்பத்தில் அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தனர். அவர்கள் அதைத் தம் நிறுவனத்திடம் சொல்லவும் செய்தனர். ஆனால் அந்தச் செய்தி மற்ற நிறுவனங்களின் விமானிகளைச் சென்று சேர வழி இல்லை.

அதன் பிறகு 1976ஆம் ஆண்டு, விமானிகள் தங்கள் தவறுகளை இரகசியமாகத் தெரிவிக்கும் திட்டம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவிடம் கொடுக்கப்பட்டது. சொல்பவரின் பெயர் நீக்கப்படும். பாடம் மட்டும் எல்லாருக்கும் போய்ச் சேரும். இன்று லட்சக்கணக்கான அறிக்கைகள் அங்கே சேர்ந்துள்ளன. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பும் இதையே கொள்கையாகச் சொல்கிறது: விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி அப்படி நடக்காமல் தடுப்பது, யாரையும் குற்றம் சுமத்துவது அல்ல. தாமாக முன்வந்து தெரிவிக்கும் முறையை உறுப்பு நாடுகள் அமைக்க வேண்டும் என்று 19ஆம் இணைப்பு கேட்டுக்கொள்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதன் உறுப்பு நாடுகள்.

இதற்கு எதைச் செய்தாலும் தண்டனை இல்லை என்று பொருள் அல்ல. வேண்டுமென்றே விதியை மீறுவது வேறு. தெரியாமல் தவறுவது வேறு. தவறியதைச் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார். அடுத்தவர் சொல்லாவிட்டால் பள்ளிக்கே கண் தெரியாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளோடு பெற்றோர் திரும்பிவிடுவது வழக்கம். இன்னும் சில கேள்விகள் உண்டு. தனியாகப் பறக்கும் மாணவரால் விமானத்துக்கு அடிபட்டால் காப்பீடு எவ்வளவு ஏற்கும், மாணவர் எவ்வளவு கட்ட வேண்டும்? அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? கடுமையான தரையிறக்கத்தைத் தெரிவிக்கத் தனிப் படிவம் உண்டா? அதைத் தெரிவித்த மாணவருக்கு அடுத்து என்ன நடக்கும்? பயிற்றுநர் மாணவருக்கு முன்னால் பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்கிறாரா, மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போகிறாரா? நல்ல பள்ளி இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. விமானத்தின் அருகே கைநீட்டும் தூரத்துக்கு வந்த நொடியிலேயே பறப்பு தொடங்கிவிட்டது. கயிறு கட்டி, தடைக்கட்டை வைத்து, பூட்டைப் போட்டுவிட்டு நடக்கும்போதுதான் அது முடிகிறது. இயந்திரத்தை எழுப்புமுன் “கிளியர் ப்ராப்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, சொன்னதோடு நில்லாமல் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இறக்கை முனை எதிலாவது உரசுமோ என்ற சந்தேகம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். இறங்கிக் கையால் தள்ளினாலும் வெட்கமில்லை. எதிலாவது பட்டுவிட்டால் விமானத்தை அப்படியே நிறுத்திவைத்து, பதிவேட்டில் எழுதி, பயிற்றுநரிடமும் பொறியாளரிடமும் சொல்லிவிட வேண்டும். பொறியாளர் கையெழுத்துப் போடும்வரை அந்த விமானம் யாருக்கும் போகக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பிள்ளை ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “அப்பா, இன்றைக்கு விமானத்தைக் கொஞ்சம் இடித்துவிட்டேன்” என்று சொன்னால், “எவ்வளவு பணம் போச்சு?” என்று முதலில் கேட்டுவிடக் கூடாது. “உனக்கு அடி இல்லையே? பள்ளியில் சொல்லிவிட்டாயா?” என்று கேட்கலாம். அந்த இரண்டாவது கேள்வி, பெயர் தெரியாத வேறொரு வீட்டுப் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றும்.